எதிர்த்திசையில் மூன்று வினாடி

குவெம்பு நகர், மைசூரு
9 ஜூன் 2025

அன்புள்ள அக்ஷதாவுக்கு,

அப்பா ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்பதை ஞாயிறுதோறும் அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. நீ விமானப்படை அகாடமிக்குப் போன இந்த ஆறு மாதத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் முடித்துக் கையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் போட்டாய். நீ கிளம்பிய அன்று நானும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. முப்பத்துமூன்று வருஷம் ரயில்வேயில் இருந்த மனுஷர், பெண்ணை ரயிலேற்ற வரவில்லை என்று அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். உன் அறைத்தோழி மோகனப்ரியா ஹனூர் பக்கம் மார்டள்ளிப் பெண், தமிழ் சரளமாகப் படிப்பாள் என்று அம்மா சொன்னாள். தடுமாறினால் அவளைப் படித்துக் காட்டச் சொல். அந்தப் பெண்ணுக்கும் என் ஆசி.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்டப் பயிற்சி முடிகிறது, ஃபைட்டர், ட்ரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் மூன்றில் எது வேண்டும் என்று வரிசை போட்டு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொன்னாயாம். ட்ரான்ஸ்போர்ட் எழுது என்பது என் கட்சி. பெரிய விமானம், கூடுதல் இன்ஜின், பக்கத்தில் துணைக்கு ஆட்கள். ஆனால் காரணம் காட்டாமல் ஒன்றைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் காரணம் தேடி லைப்ரரிக்குப் போனேன்.

அங்கே புத்தகம் எடுத்துக்கொடுக்கும் பசம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எப்போதும் தினசரி படித்துவிட்டுப் போகிறவன், இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை பற்றிக் கேட்டால் வேறு எப்படிப் பார்ப்பாள்? "ஏனு சார், ஈ வயஸ்ஸல்லி யுத்தவா?" என்றாள். இந்த வயதில் யுத்தமா என்று. மகள் விமானப்படையில் இருக்கிறாள் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வெளியாரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து மூன்று தடிப் புத்தகங்களை இறக்கி, தன் முந்தானையாலேயே தூசி தட்டிக் கொடுத்தாள்.

ஃபைட்டர் எவ்வளவு அபாயம் என்று குறிப்பெடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் புத்தகத்திலேயே ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் நாலு இன்ஜின் குண்டு விமானங்கள் பட்டப்பகலில் கூட்டமாக ஜெர்மனிக்குப் போகின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். வாலில், முதுகில், வயிற்றில், இரண்டு விலாவில் எல்லாம் துப்பாக்கி. ஜெர்மன் ஃபைட்டர்கள் வழக்கம்போல் பின்னாலிருந்து துரத்திப் போய்ச் சுட்டுப் பார்த்து, நிறைய அடி வாங்கின. பிறகு யாரோ யோசித்திருக்கிறார்கள். மூக்குப் பக்கம் மட்டும் துப்பாக்கி குறைவு. அதனால் குண்டு விமானங்களுக்கு இணையாக, அவற்றின் துப்பாக்கி எட்டாத தூரத்தில் பறந்து, முந்திப் போய், சில கிலோமீட்டர் தள்ளித் திரும்பி, நேருக்கு நேராக வர ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்ததும் என் பழைய வேலைதான் ஞாபகம் வந்தது. செக்‌ஷன் கண்ட்ரோலராக நான் செய்த வேலை என்ன? ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில் நடுவழியில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். இவர்கள் வேண்டுமென்றே சந்திக்கப் போகிறார்கள்.

பரணிலிருந்து பழைய கண்ட்ரோல் சார்ட் ஒன்றை எடுத்தேன். நீ சின்னவளாக இருந்தபோது அதன் பின்பக்கம் படம் வரைவாய். குறுக்கே நேரம், மேலிருந்து கீழே தூரம். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. இந்த முறை ரயிலுக்குப் பதிலாக விமானம் போட்டேன். ஃபைட்டர் பின்னாலிருந்து வந்தால், அது குண்டு விமானத்தைவிட மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர்தான் கூடுதல் வேகம். தொள்ளாயிரம் மீட்டரிலிருந்து நூற்றைம்பது மீட்டருக்கு நெருங்கப் பதினெட்டு வினாடி ஆகிறது. அந்தப் பதினெட்டு வினாடியும் வால் துப்பாக்கிக்காரன் இவனையே பார்த்துக்கொண்டிருப்பான். நேர் எதிரே வந்தால் இரண்டு வேகமும் சேர்ந்து மணிக்குத் தொள்ளாயிரம். அதே தூரம் மூன்றே வினாடி. அவனுக்கும் சுட மூன்று வினாடி, இவனுக்கும் மூன்று வினாடி.

சார்ட்டில் பார்த்தால் பின்னால் வருகிற கோடு சோம்பேறித்தனமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. எதிரே வருகிற கோடு கத்தரிக்கோல் மாதிரி வெட்டிப் போகிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏன்னா, ரிடையர் ஆனப்புறம் ஆகாசத்துக்கும் கண்ட்ரோல் போட ஆரம்பிச்சுட்டேளா? ஸ்வல்ப எழுந்து அந்த மிக்ஸியைப் பாருங்கோ" என்றாள். மிக்ஸி சரியாகிவிட்டது.

இதற்கும் ட்ரான்ஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். இன்னும் வரவில்லை. இரண்டு புத்தகம் பாக்கி இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ஹைதராபாத் வெயிலில் ஓடவிடுகிறார்களாமே, தலையில் ஏதாவது போட்டுக்கொள்ள அனுமதிப்பார்களா?

உன் அப்பா,
கணபதிராமன்

~

குவெம்பு நகர், மைசூரு
28 ஜூன் 2025

அன்புள்ள அக்ஷதாவுக்கு,

ஆசீர்வாதம். உன் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருக்கிறாய். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். சத்தமாகப் படித்தால் நீ பேசுவது போலவே இருக்கிறது என்று அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

நீ என்னைத் திட்டுவாய் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில் கேள்வி கேட்டிருக்கிறாய். "அப்பா, நீ ஃபைட்டர் பக்கம் மட்டும் சார்ட் போட்டிருக்கே. குண்டு விமானத்துல நீ இருந்தா என்ன பண்ணுவே?" என்று. கூடவே மோகனப்ரியாவின் கேள்வியும்: "ஏனுங்கப்பா, எதுக்க வர்றான்னு தெரிஞ்சா அவங்க வண்டியத் திருப்பி ஒதுங்கிப் போயிருக்கலாமல்லங்க?"

மோகனப்ரியாவுக்கு முதலில் சொல்கிறேன். ஒதுங்க முடியாதம்மா. குண்டைக் குறி பார்த்துப் போட வேண்டுமானால் கடைசிச் சில நிமிடம் வேகம், உயரம், திசை எதுவும் மாறாமல் கோடு போட்ட மாதிரி போக வேண்டும். அதற்கு முன்னாலும் ஒதுங்கினால் ஆபத்துதான். அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு கூட்டம். ஒருவன் துப்பாக்கி எட்டாத இடத்தை அடுத்தவன் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும். இன்ஜினில் அடிபட்டு ஒரு விமானம் பின்தங்கினால், ஃபைட்டர்கள் கூட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் சூழ்ந்துகொள்ளும்.

இந்தக் கூட்டம் எப்படி நின்றது என்பது எனக்கு முதலில் புரியவில்லை. புத்தகத்தில் படம் தட்டையாக இருந்தது. சமையலறைக்குப் போய் இட்லித் தட்டுகளை எடுத்து வந்தேன். நடுவில் ஒரு தட்டு, வலது பக்கம் மேலே ஒன்று, இடது பக்கம் கீழே ஒன்று. ஒவ்வொரு குழியிலும் ஒரு விமானம். மேலே இருப்பதன் குழிக்கு நேர் கீழே குழி வராது, வந்தால் தன் குண்டு தன் ஆள் தலையிலேயே விழும். இப்போது எந்தப் பக்கம் விரலை நீட்டினாலும் ஏதாவது ஒரு துப்பாக்கி பார்க்கிறது. முன்னால் நீட்டினால் மட்டும் குறைவு. அம்மா மாவுக் கரண்டியோடு நின்றுகொண்டு, "யுத்தம் எப்போ முடியும்? மாவு புளிச்சிண்டிருக்கு" என்றாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அப்போ மூக்குல ஒரு துப்பாக்கி வெச்சுண்டா போறாதா?" என்று கேட்டாள். நான் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன். அதையேதான் செய்திருக்கிறார்கள்! மூக்குக்குக் கீழே, மோவாய் இருக்கும் இடத்தில், சுழலும் இரட்டைத் துப்பாக்கி. அம்மாவுக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

அதற்கு ஜெர்மன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துப்பாக்கி எட்டாத தூரத்திலிருந்து ராக்கெட் விட்டார்கள். விமானத்தில் படாவிட்டாலும் பரவாயில்லை, கூட்டம் கலைந்தால் போதும். பிறகு கனத்த கவசம் போட்ட ஃபைட்டர்களை வரிசையாகப் பின்னாலிருந்தே அனுப்பினார்கள். ஆனால் கவசம் போட்டதும் அவை கனத்துப்போய், அமெரிக்கர்கள் துணைக்கு அனுப்பிய நெடுந்தூர ஃபைட்டர்களிடம் மாட்டிக்கொண்டன. ஒருவன் கதவை மூடினால் இன்னொருவன் ஜன்னலைத் திறக்கிறான். எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கை என்று எழுதிவிட்டேன். தப்பு. ஒவ்வொரு முறையும் பத்துப் பத்துப் பேர்.

நான் எழுத விரும்பாத இடம் இதுதான். இருபத்தைந்து முறை போய்வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அந்தப் பெரிய விமானக்காரர்களுக்கு விதி. ஆரம்ப மாதங்களில் இருபத்தைந்தையும் முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாலு இன்ஜினும் பத்துப் பேர் துணையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆக, பெரிய விமானம்தான் பத்திரம் என்று நான் கட்டிக்கொண்டு வந்த வாதம் மூன்றாவது புத்தகத்தில் விழுந்துவிட்டது. அந்தக் காலத்துக் குண்டு விமானமும் இந்தக் காலத்து ட்ரான்ஸ்போர்ட்டும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சார்ட்டில் ஒரு ரயிலை மறைத்து வைக்கிற வேலையை நான் செய்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வருவது ஃபைட்டர்களின் பழைய உத்தி. எதிரே இருப்பவனுக்குக் கண் கூசும், வருகிறவன் தெரிய மாட்டான். இந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் குக்கரஹள்ளி ஏரிக்குப் போய் ஒரு சுற்று நடந்தேன்.

2006-இல், இன்னொரு ஊரில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. மாலை ஐந்து மணி வெயில். மேற்கே போகும் சரக்கு ரயில் டிரைவருக்குச் சிக்னலுக்கு நேர் பின்னால் சூரியன். சிவப்புத் தெரியவில்லை. தாண்டிவிட்டார். எதிரே பாசஞ்சர் ரயில் ஏற்கனவே புறப்பட்டுவிட்டது. ஒற்றைத் தண்டவாளம். அந்தப் பகுதியில் டிரைவரோடு பேசும் கருவி அப்போது கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கத்துகிறார். நான் சார்ட்டில் இரண்டு கோட்டையும் பென்சிலால் நீட்டினேன். ஒன்பது கிலோமீட்டர், இரண்டு வேகமும் சேர்த்துத் தொண்ணூறு. ஆறு நிமிடம். கோடுகள் சந்திக்கிற இடத்தில் பென்சில் நின்றது. எங்கே மோதப் போகின்றன என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நடுவில் ஒரு லெவல் கிராசிங். கேட்மேன் பெயர் கருப்புசாமி. ஸ்டேஷன் மாஸ்டரை அந்த கேட்டுக்குப் போன் போடச் சொன்னேன். அதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கருப்புசாமி சிவப்புக் கொடியோடு தண்டவாளத்திலேயே பாசஞ்சரை நோக்கி ஓடியிருக்கிறார். அது நின்றது. நின்ற ரயிலை வளைவில் பார்த்துச் சரக்கு டிரைவரும் பிரேக் போட்டார். நடுவில் முந்நூறு மீட்டர். ஒருவருக்கும் காயமில்லை.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. நீ அன்றைக்குப் பள்ளியில் கற்ற பாட்டைப் பாடிக் காட்டினாய். திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன். அம்மாவுக்கே இந்த விஷயம் இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, என்னோடு இன்னும் பேசவில்லை.

நீ கிளம்பிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வராததற்குக் கோபம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த ஆறு நிமிடம்.

படிவத்தில் எதை எழுதுவது என்று இனி நான் சொல்ல மாட்டேன். நீ எழுது. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை நீட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
கணபதிராமன்

~

குவெம்பு நகர், மைசூரு
21 ஜூலை 2025

அன்புள்ள அக்ஷதாவுக்கு,

ஆசீர்வாதம். மோகனப்ரியாவுக்கும். அவளுக்கு ஹெலிகாப்டர் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மார்டள்ளியில் அவள் வீட்டார் தெருவுக்கே இனிப்புக் கொடுத்ததாகச் சொன்னாயே, எங்கள் பங்கை எடுத்து வைக்கச் சொல்.

உனக்கு ஃபைட்டர். நேற்று போனில் நீ சொன்னபோது நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். நீ ஒரு நிமிடம் காத்திருந்தாய். நான் இன்னொரு தடவை "சரி" என்றேன். அதற்குள் உன் நேரம் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். வருத்தத்தில் சொன்ன "சரி" இல்லை அது. ஆபீசில் ஒரு ரயில் பத்திரமாகக் கடந்துபோனதும் போனில் அப்படித்தான் சொல்வோம். வேறு வார்த்தை பழகவில்லை.

இன்று காலை லைப்ரரிக்குப் போய்ப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பசம்மா உன்னைப் பற்றிக் கேட்டாள். சொன்னதும் மேஜையைத் தட்டிப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அமைதி காக்கவும் என்று போர்டு மாட்டியிருக்கிற இடம். "நம்ம ஹுடுகி, ஃபைட்டர்!" என்று ஒரே சத்தம். நம்ம பெண் என்கிறாள், உன்னை ஒரு தடவைகூடப் பார்க்காதவள். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நான் என்ன செய்தேன் என்று வாழ்த்தை எனக்குக் கொடுக்கிறார் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆறு மாதம் உனக்காக என்னோடு சண்டை போட்டவள் அவள். உன் விண்ணப்பத்துக்குத் துணை நின்றவள், ரயிலேற்றி விட்டவள். அவள்தான் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். போனை வைத்ததும் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நானே தயிர் சாதம் பிசைந்து எடுத்துப் போனேன். சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "மூணு வினாடின்னேளே. அதுக்குள்ள சுடவும் சுட்டு, விலகவும் எப்படி விலகுவா?"

இட்லித் தட்டைக் கேலி செய்தபோதும், மாவு புளிக்கிறது என்றபோதும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அக்ஷதா. ஒரு எண்ணைக்கூட மறக்கவில்லை.

அது எண்பது வருஷத்துக்கு முந்தைய சண்டை, இப்போது யாரும் அப்படி மூக்குக்கு மூக்கு போவதில்லை, எல்லாம் கண்ணுக்கே தெரியாத தூரத்திலிருந்து என்று சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் அதைக் கேக்கலை" என்றாள். தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.

பிறகு புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடினேன். திருப்பிக் கொடுப்பதற்கு முன் அம்மாவுக்குப் படித்தும் காட்டினேன். சுட்டு முடித்ததும் சிலர் குண்டு விமானத்தின் தலைக்கு மேலே உரசுகிற மாதிரி தாவிப் போவார்களாம். சிலர் அப்படியே புரண்டு கீழே பாய்வார்களாம். எது நல்லது என்று மூன்று புத்தகமும் மூன்று விதமாகச் சொல்கிறது. மேலே போனால் எதிரி துப்பாக்கிக்கு வயிறு தெரியும், கீழே போனால் மறுபடி உயரம் ஏற நேரமாகும். ஆனால் ஒரு விஷயத்தில் மூன்றும் ஒத்துப்போகின்றன. அப்படி மோதி இறந்தவர்களில் பலர் பறக்கத் தெரியாதவர்கள் இல்லை. கெட்டிக்காரர்கள்தான். இன்னும் ஒரு தோட்டா, இன்னும் ஒரு கணம் என்று குறியையே பார்த்துக்கொண்டிருந்து, விலக வேண்டிய நேரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

நீ எதையும் கடைசிவரை விடாத பெண். மூன்றாம் வகுப்பில் கணக்கு முடியாமல் பஸ்ஸைத் தவறவிட்டவள். அந்தக் குணம்தான் உன்னை அங்கே கொண்டு சேர்த்தது. அதில் நான் கைவைக்க மாட்டேன்.

உன் ஆசிரியர்கள் எப்போது விலகச் சொல்கிறார்களோ அப்போது விலகு. அவர்களுக்குத்தான் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதிலும் ஒரு அரை வினாடியை எங்களுக்காக முன்னால் வைத்துக்கொள்ளம்மா. குறி தப்பினால் தப்பட்டும். திரும்பி ஒரு சுற்று வந்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

உன் அப்பா,
கணபதிராமன்

அம்மாவும் எழுத வேண்டும் என்றாள். பேனாவைக் கொடுத்தேன். கீழே இருக்கும் ஒரு வரி அவளுடையது.

அப்பா எழுதினது அவ்வளவும் நானும் சொன்னது.